ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகை: உயர்கல்வியை ஆய்பவருக்கு எவ்வளவு பயன்படும்?

இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவு செய்து, நாடுகளுக்கிடையிலான உயர்கல்வியைப் பற்றி பிஎச்.டி. செய்கிறவர்கள் வெளிநாட்டுக் களப்பணிக்குப் பணம் தேடும்போது முதலில் காதில் விழும் பெயர் ஃபுல்பிரைட்-நேரு. இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து பணம் போடும் அந்தத் திட்டத்தில் முனைவர் ஆய்வாளர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆறு முதல் ஒன்பது மாதம்வரை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்து ஆய்வு செய்யலாம்; பட்டம் இந்தியப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். இந்த மதிப்பீடு அந்தப் பிரிவைப் பற்றியது மட்டும். முதுகலைக்கும் முனைவருக்குப் பிந்தைய ஆய்வுக்கும் உள்ள பிரிவுகளுக்கு விதிகள் வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆவணக் காப்பகம், நேர்காணல், நேரில் இருந்து பார்க்கவேண்டிய நிர்வாக நடைமுறை என்று உங்கள் ஆய்வின் மூலப்பொருள் அமெரிக்காவில் இருந்தால், இதற்கு இணையான உதவித்தொகை இந்திய ஆய்வாளருக்கு எளிதில் அமையாது. இணையத்தில் இறக்கிக்கொள்ளக்கூடிய புள்ளிவிவரங்களை வைத்து நாடுகளை ஒப்பிடும் ஆய்வு என்றால் இது பொருந்தாது. விண்ணப்பத்துக்குப் போகும் மாதங்களை ஆய்வேட்டின் ஓர் இயலை முடிக்கச் செலவிடுவது மேல். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள்தான் அதிகம். தலைப்பைச் சற்றுத் திருத்தினால் அவர்களுக்கும் இது உதவும்.

இந்திய-அமெரிக்க ஃபுல்பிரைட் ஒப்பந்தம் 1950 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தானது. 2008-ல் புதுப்பித்தபோது இரு அரசுகளும் சமபங்கு பணம் போடுவது என்று ஏற்பாடாகி, நேருவின் பெயரும் சேர்ந்தது. இந்தியாவில் நடத்துவது யுஎஸ்ஐஇஎஃப் (அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை) என்ற அமைப்பு. தலைமையகம் டெல்லியில், சென்னை, ஐதராபாத், கொல்கத்தா, மும்பையில் கிளைகள். விண்ணப்பக் காலத்தில் அவர்கள் நடத்தும் இணையவழி விளக்கக் கூட்டங்களைத் தவறவிடவேண்டாம். தகுதி பற்றிய சந்தேகங்களுக்கு அங்கே நேரான பதில் கிடைக்கும்.

கையில் கிடைப்பது என்ன

மாத உதவித்தொகை (தொகை நீங்கள் தங்கும் ஊரைப் பொறுத்து மாறும்), சாதாரண வகுப்பில் போய்வர விமானக் கட்டணம், ஜே-1 என்ற பரிமாற்ற வருகையாளர் விசாவுக்கான ஆதரவு, விபத்துக்கும் நோய்க்குமான அடிப்படைப் பாதுகாப்பு, ஏற்கும் பல்கலைக்கழகம் கேட்டால் ஓர் அளவுக்குள் இணைப்புக் கட்டணம். குடும்பத்தாருக்கு எந்தப் படியும் கிடையாது. மனைவியையோ கணவரையோ அழைத்துப் போகிறவர்கள் விமானச் சீட்டு, காப்பீடு, கூடுதல் வாடகை அனைத்தையும் சொந்தப் பணத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருவர் சிக்கனமாக இருந்து ஆய்வு செய்ய இந்தப் பணம் போதும். சேமிக்கும் நோக்கத்தோடு போனால் ஏமாற்றம்தான். பணத்தைவிடப் பெரிய மதிப்பு அணுக்கத்தில் இருக்கிறது. ஃபுல்பிரைட் என்ற பெயரில் மின்னஞ்சல் போனால் ஒரு பல்கலைக்கழகத்தின் துணைத்தலைவரோ பன்னாட்டு அலுவலக இயக்குநரோ அரைமணி நேரம் ஒதுக்கப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். உயர்கல்வி நிர்வாகத்தை ஆய்பவருக்கு இதுதான் மிக அரிய சரக்கு.

அடிப்படைப் பாதுகாப்பு என்று சொன்னதைக் கவனியுங்கள். அது முழு மருத்துவக் காப்பீடு அல்ல. ஏற்கெனவே உள்ள நோய்கள், வழக்கமான பல், கண் பரிசோதனை போன்றவற்றை அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது. சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதைப் போதாது என்று சொல்லித் தங்கள் காப்பீட்டையே வாங்கச் சொல்லும். அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதை அழைப்புக் கடிதம் வாங்கும் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். விமானம் ஏறியபின் கேட்டால் பேரம் பேச இடமிருக்காது.

யார் விண்ணப்பிக்கலாம்

இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும், விண்ணப்பிக்கும்போது இந்தியாவில் வசிக்கவேண்டும், இந்தியக் கல்வி நிறுவனம் ஒன்றில் பிஎச்.டி. பதிவு இருக்கவேண்டும். அந்தப் பதிவு உதவித்தொகை தொடங்குவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்பே நடந்திருக்கவேண்டும். அமெரிக்காவில் ஏற்கெனவே பிஎச்.டி. படிப்பவர்களுக்கு இது இல்லை.

விண்ணப்பம் வழக்கமாக ஜூலை நடுவில் முடியும். தேர்வானவர் புறப்படுவது மறு ஆண்டு இலையுதிர் பருவத்தில். அதாவது ஏறக்குறைய ஓராண்டுக்கும் மேல் இடைவெளி. இதை யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்.டி. விதிமுறைகளோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கோர்ஸ்வொர்க் (தொடக்கப் பாட வகுப்புகள்) உட்பட குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. முதலாண்டில் கோர்ஸ்வொர்க் முடித்து, இரண்டாம் ஆண்டின் ஜூலையில் விண்ணப்பித்தால் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் களத்தில் இருப்பீர்கள். எழுதுவதற்குத் தாராளமாக நேரம் மிஞ்சும். நான்காம் ஆண்டில் விண்ணப்பித்தால் திரும்பி வரும்போது ஆறாண்டு முடியும் தருவாயில் இருக்கும். சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்), டிசி (முனைவர் ஆய்வுக் குழு) கூட்டம், ஆய்வேடு ஒப்படைப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். தேர்வுக் குழுவுக்கும் இது தெரியும். ஆய்வேடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டவருக்கு அமெரிக்கப் பயணம் எதற்கு என்று கேட்பார்கள்.

ஆக, இரண்டாம் ஆண்டே சரியான காலம். ஆனால் அந்தக் கட்டத்தில் பலரிடம் ஆய்வுக் கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்காது. அங்கேதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுமாறுகின்றன.

‘ஏன் அங்கே?’

விண்ணப்பத்தின் உயிர் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. உயர்கல்வித் துறையிலிருந்து வரும் விண்ணப்பங்கள் இதில் அடிபடுவதற்குத் தெளிவான காரணம் உண்டு: இந்தத் துறையின் தரவு பெரும்பாலும் திறந்த வெளியில் கிடக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளின் சேர்க்கை, நிதி, பட்டக் கணக்குகள் அமெரிக்க அரசின் ஐபெட்ஸ் தரவுத் தளத்தில் இலவசம். எந்த நாட்டிலிருந்து எத்தனை மாணவர்கள் என்பதை ஐஐஇ (பன்னாட்டுக் கல்வி நிறுவனம்) என்ற அமெரிக்க அமைப்பின் ‘ஓப்பன் டோர்ஸ்’ ஆண்டறிக்கை சொல்லிவிடுகிறது. 2023-24 கல்வியாண்டில் 3,31,602 இந்திய மாணவர்கள், முதலிடம் இந்தியாவுக்கு என்ற கணக்கு அதில்தான் வந்தது. இந்தியப் பக்கத்துக்கு அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பான ஆயிஷே இருக்கிறது. உலக அளவில் யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. ‘இந்திய மாணவர்கள் அமெரிக்கா செல்வதன் காரணிகள்’ என்று தலைப்பு வைத்து இந்தத் தரவுகளைப் பட்டியல் போட்டால், இதை மதுரையிலோ திருச்சியிலோ உட்கார்ந்தே செய்யலாமே என்று குழு முடிவெடுத்துவிடும். அது நியாயமான முடிவும்கூட. (ஐபெட்ஸை நடத்தும் என்சிஇஎஸ் என்ற அரசுக் கல்விப் புள்ளிவிவர அமைப்பில் 2025 மார்ச்சில் பெரும்பாலான ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். யாராக இருந்தாலும் தேவையான ஆண்டுகளின் கோப்புகளை இப்போதே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.)

ஒரே ஆர்வத்திலிருந்து பிறந்த இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதலாவது இப்படி இருக்கும்: ‘வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளைகள் உலகமயமாக்கலின் முக்கிய அடையாளம். அமெரிக்க உயர்கல்வி உலகில் முன்னணியில் உள்ளது. அங்குள்ள நூலகங்களும் பேராசிரியர்களும் என் ஆய்வுக்குப் பெரிதும் துணைபுரிவார்கள்.’ இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்த ஊர், எந்த ஆவணம், யாரிடம் என்ன கேள்வி என்பது ஒன்றும் இல்லை.

இரண்டாவது: ‘டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2003-ல் கத்தாரில் தொடங்கிய கிளையை 2028-க்குள் மூட அதன் ஆட்சிக்குழு 2024 பிப்ரவரியில் வாக்களித்தது. 2004-ல் அதே கத்தாருக்கு வந்த கார்னகி மெல்லன் தொடர்கிறது. ஒரு கிளையை மூடுவது என்ற முடிவு தாய்ப் பல்கலைக்கழகத்துக்குள் எப்படி உருவாகிறது என்பதை ஆட்சிக்குழுக் குறிப்புகள், டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறும் ஆவணங்கள், பன்னாட்டு அலுவலகங்களிலும் பேராசிரியர் அவைகளிலும் 25 பேரோடு நேர்காணல் ஆகியவற்றால் ஆராய்வேன். யுஜிசியின் 2023 வெளிநாட்டுக் கிளை விதிமுறைகளில், முன் அனுமதி இல்லாமல் வளாகத்தை மூடக்கூடாது என்ற பிரிவை இந்த அனுபவத்தோடு வைத்து மதிப்பிடுவேன்.’

இரண்டாவது பத்தியை எழுதியவர் ஏன் போகவேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இந்தியாவுக்கு என்ன பயன் என்பதும் அதிலேயே இருக்கிறது. அங்குள்ள ஆவணத்தையும் இங்குள்ள கொள்கைக் கேள்வியையும் ஒரே கயிற்றில் கட்டுவதுதான் வேலை. தமிழ்நாட்டு ஆய்வாளர்களுக்குக் கைக்கெட்டும் தலைப்புகளுக்குக் குறைவில்லை. ஐஐடி மெட்ராஸ் 2023-ல் சான்சிபாரில் வளாகம் திறந்தது. ஐஐடி ஒன்று நாட்டுக்கு வெளியே வைத்த முதல் வளாகம் அது. அதை ஆய்பவர், பல்லாண்டு வெளிநாட்டு வளாகம் நடத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆசிரியர் நியமனத்தையும் பட்டத்தின் தரத்தையும் தாய் வளாகத்திலிருந்து எப்படிக் கண்காணித்தன என்று பார்க்கலாம். நியூயார்க் பல்கலைக்கழகம் 2010-ல் அபுதாபியில் வகுப்புகளைத் தொடங்கியது ஒரு நல்ல ஒப்பீடு.

வரலாற்றுப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. ஐஐடி கான்பூரை 1962 முதல் 1972 வரை எம்ஐடி, பெர்க்லி, கால்டெக், பிரின்ஸ்டன், பர்டியூ உட்பட ஒன்பது அமெரிக்க நிறுவனங்களின் கூட்டமைப்பு வளர்த்தெடுத்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் பழைய ஆவணங்கள் நியூயார்க் மாநிலத்தில் ஸ்லீப்பி ஹாலோ என்ற ஊரிலுள்ள ராக்ஃபெல்லர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்திய உயர்கல்விக்கு அமெரிக்கப் பணமும் ஆலோசகர்களும் வந்த கதையின் பெரும்பகுதி அங்கே பெட்டிகளில் உள்ளது. பெட்டி எண், கோப்பு எண் வரை குறிப்பிட்டு எழுதிய விண்ணப்பத்துக்குத் தனி எடை. காப்பகத்தின் தேடல் பட்டியல்கள் இணையத்தில் உள்ளதால் அதைச் சென்னையிலிருந்தே செய்துவிடலாம்.

ஏற்கும் பல்கலைக்கழகத்தைப் பிடிப்பது

அழைப்புக் கடிதம் விண்ணப்பத்தோடு போனால் நல்லது. உயர்கல்வி ஆய்வுக்கென்றே மையங்கள் வைத்திருக்கும் இடங்கள் முதலில் நினைவுக்கு வரும்: பாஸ்டன் கல்லூரியில் பிலிப் ஆல்ட்பாக் 1995-ல் தொடங்கிய பன்னாட்டு உயர்கல்வி மையம், பெர்க்லியின் உயர்கல்வி ஆய்வு மையம், பென் ஸ்டேட், மிச்சிகன், ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள். ஆனால் எல்லாரும் பாஸ்டனுக்கே எழுதுவதால் அங்கே நெரிசல். உங்கள் ஆவணமும் நேர்காணலும் டெக்சாஸில் இருந்தால் கடிதமும் டெக்சாஸிலிருந்து வருவதே பொருத்தம். மையத்தின் புகழைவிட களத்துக்கு அருகில் இருப்பது ஒன்பது மாதத்தில் அதிகம் உதவும்.

பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் ஒரு திரைக்குள் அடங்கவேண்டும். ஆய்வுக் கேள்வி ஒரே வாக்கியத்தில், அவருடைய எந்தக் கட்டுரை உங்கள் ஆய்வை எங்கே தொடுகிறது என்று ஒரு வாக்கியத்தில், வரும் மாதங்கள், செலவை ஃபுல்பிரைட் ஏற்கும் என்ற தகவல், கேட்பது என்ன என்பது. ‘ரெஸ்பெக்டட் சார், கிரீட்டிங்ஸ் ஆஃப் த டே’ என்று தொடங்கும் நீண்ட கடிதத்துக்குப் பதில் வருவது அரிது. ஏப்ரலில் எழுதுங்கள். மே நடுவில் பருவம் முடிந்தால் பலர் ஆகஸ்ட் வரை மின்னஞ்சலே பார்ப்பதில்லை; ஜூன் கடைசியில் எழுதத் தொடங்குகிறவர்களின் கடிதங்கள் அந்த இடைவெளியில்தான் காணாமல் போகின்றன.

சம்மதம் கிடைத்ததும் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி: எந்தத் தகுதியில் ஏற்றுக்கொள்கிறீர்கள்? வருகைதரு ஆய்வாளரா, வருகைதரு மாணவ ஆய்வாளரா, வெறும் விருந்தினரா? பெயர் வேறுபாடுபோலத் தெரியும். நடைமுறையில் நூலகத்தின் மின்னிதழ்களை அறையிலிருந்து திறக்க முடியுமா, மேசை கிடைக்குமா, ஆய்வு நெறிக்குழுவிடம் விண்ணப்பிக்க முடியுமா என்ற மூன்றையும் அதுவே தீர்மானிக்கிறது. கட்டணமும் அதைப் பொறுத்தே மாறும். சில இடங்களில் வருகையாளர்களுக்குப் பருவத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் உண்டு. உதவித்தொகை தரும் இணைப்புக் கட்டணம் அந்த அளவுக்கு எட்டாது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம் என்று கடிதத்தில் ஒரு வரி வாங்கிவிடுவது பாதுகாப்பு.

ஆய்வு நெறிக்குழு, அங்கே ஐஆர்பி என்பார்கள், இந்திய ஆய்வாளர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம். மனிதர்களை நேர்கண்டு செய்யும் ஆய்வுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பயன்படுத்தினால் அந்தக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தொடங்க முடியாது. அதிகாரிகளிடம் அவர்கள் வேலை பற்றிக் கேட்கும் நேர்காணல் பெரும்பாலும் விலக்கு பெறும் வகையில் வரும். ஆனால் விலக்கு உண்டா என்பதைக் குழுதான் சொல்லவேண்டும். நாமே முடிவு செய்துகொள்ள முடியாது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்கவேண்டும், ஆய்வு நெறி பற்றிய சிஐடிஐ இணையப் பயிற்சிச் சான்று கேட்பார்கள், கேள்விப் பட்டியலும் ஒப்புதல் படிவமும் முழுதாக வேண்டும். இதையெல்லாம் அங்கே போய்த் தொடங்கினால் என்ன நடக்கும் என்று பாருங்கள்: ஆகஸ்ட் கடைசியில் இறங்கி, பதிவு, வங்கிக் கணக்கு, வீடு என்று செப்டம்பர் நடு. படிவம் எழுதி அனுமதி வர அக்டோபர் கடைசி. நவம்பர் நான்காம் வாரம் நன்றியறிதல் விடுமுறை, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை வளாகம் காலி. ஐந்து மாதம் போனபின்னும் கையில் ஆறேழு நேர்காணல்தான் இருக்கும். இந்தியாவிலேயே உங்கள் பல்கலைக்கழக நெறிக்குழுவின் ஒப்புதலை வாங்கி, பயிற்சியை முடித்து, கேள்விப் பட்டியலை ஏற்கும் பேராசிரியருக்கு ஜூனில் அனுப்பிவிட்டால் இதில் ஒன்றரை மாதம் மிச்சம்.

இதே காரணத்தால் ஆறு மாதத்தைவிட ஒன்பது மாதம் கேட்பதே சரி. ஆறு மாதம்தான் விடுப்பு என்றால், தொடங்கும் மாதத்தைச் சொல்ல இடம் கிடைக்கும்பட்சத்தில், ஜனவரியைக் கேளுங்கள். ஒரு முழுப் பருவமும் இடையில் முறியாமல் கிடைக்கும்.

காகித வேலை

ஆய்வு நோக்க அறிக்கை, தன்னிலை அறிக்கை, எழுத்து மாதிரி, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், மதிப்பெண் பட்டியல்கள். எழுத்து மாதிரிக்கு 20 பக்கம் வரை இடமுண்டு; வெளியான கட்டுரையோ முதுகலை, எம்.ஃபில். ஆய்வேட்டின் ஒரு பகுதியோ போதும். இணையாசிரியர் நால்வரோடு வெளியான கட்டுரையைவிட, வெளியாகாவிட்டாலும் நீங்கள் தனியாக எழுதிய இயல் உங்கள் சிந்தனையைத் தெளிவாகக் காட்டும். அதையே அனுப்புங்கள்.

மூன்று கடிதங்களில் ஒன்று கட்டாயம் கைடு எழுதவேண்டும். அமெரிக்கப் பயணம் இந்த ஆய்வேட்டின் எந்த இயலுக்கு என்ன சேர்க்கும் என்று அவர் சொல்வதுதான் அதில் முக்கியம். ‘ஒழுக்கமும் உழைப்பும் உள்ள மாணவர், என்னால் முழுமனதோடு பரிந்துரைக்கப்படுகிறார்’ என்ற வழக்கமான கடிதம் இங்கே எதற்கும் உதவாது. கைடின் நேரத்தை மதித்து, உங்கள் ஆய்வு நோக்க அறிக்கையோடு, இன்ன இயல், இன்ன ஆவணம், இன்ன இடைவெளி என்ற ஒரு பக்கக் குறிப்பையும் கொடுத்துவிடுங்கள். கடிதத்தை அவரே தளத்தில் பதிவேற்றவேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் கைடின் மின்னஞ்சலில் ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்த இணைப்பால் விண்ணப்பம் முழுமையடையாமல் போவது அடிக்கடி நடக்கும் விபத்து.

வேலையில் இருந்துகொண்டே பிஎச்.டி. செய்பவர்கள் நிறுவனத்தின் ஒப்புதல் படிவத்தையும் இணைக்கவேண்டும். தேர்வானால் விடுப்பு தரப்படும் என்று அதில் இருக்கவேண்டும். அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இந்தக் கோப்பு முதல்வரோடு முடியாது, கல்லூரிக் கல்வி இயக்ககம் வரை போகும். மார்ச்சில் எழுதிக் கொடுத்தால்தான் ஜூலைக்குள் கைக்கு வரும். யுஜிசியின் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்குகிறவர்கள் (2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், மூத்த நிலையில் 42,000) ஒரே காலத்துக்கு இரண்டு உதவித்தொகையும் பெற முடியாது. அந்த மாதங்களுக்கு ஜேஆர்எஃப்பை நிறுத்திவைத்து, திரும்பியதும் தொடர, பதிவாளர் அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி தேவை. வாய்மொழி உறுதியை நம்பி விமானம் ஏறவேண்டாம்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கே உரிய தலைவலி. சான்றிதழில் ‘கே. செல்வி’, ஆதாரில் ‘செல்வி கண்ணன்’, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, முதல்பெயரில் மட்டும் ‘செல்வி’. இப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் ‘செல்வி’ குடும்பப்பெயராகவும், முதல்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்றும் அச்சாகும். முதல்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு பல்கலைக்கழக அடையாள அட்டை, வங்கி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அந்தப் பெயரே தொடரும்; நூலகக் கணக்குக்கும் ஜே-1 பதிவுக்கும் பெயர் பொருந்தாமல் நிற்கும். விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து அப்பாவின் பெயரையோ இனிஷியலின் விரிவையோ குடும்பப்பெயராகச் சேர்த்துவிட்டு, அதே பெயரை விண்ணப்பத்தில் எழுதுங்கள். சான்றிதழோடு உள்ள வேறுபாட்டுக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் கைவசம் இருக்கட்டும்.

அரியர் எழுதித் தேறியவர்கள், தொகுப்பு மதிப்பெண் சான்றிதழ் போதுமா, ஒவ்வொரு முயற்சியின் மதிப்பெண் பட்டியலும் வேண்டுமா என்று யுஎஸ்ஐஇஎஃப்பிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 

தேர்வானபின் வரும் சிக்கல்கள்

இந்தியாவில் நேர்முகத் தேர்வில் வென்றாலும் அது பரிந்துரைதான். இறுதி ஒப்புதல் அமெரிக்க அதிபர் நியமிக்கும் 12 பேர் கொண்ட ஃபுல்பிரைட் வாரியத்திடமிருந்து வரவேண்டும். இது நெடுங்காலம் வெறும் நடைமுறையாக இருந்தது. 2025 ஜூனில் அந்த நிலை மாறியது: வாரியத்தில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் பதவி விலகினார்கள். ஏற்கெனவே தேர்வானவர்களில் கணிசமானோருக்கு அரசு உதவித்தொகையை மறுத்துவிட்டது, மேலும் ஏறக்குறைய 1,200 வெளிநாட்டவரின் தேர்வு மறு ஆய்வில் இருக்கிறது என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அதே ஆண்டு மே கடைசியில் மாணவர், பரிமாற்ற விசா நேர்காணல்களுக்குப் புதிய நேரம் ஒதுக்குவது சில வாரம் நின்றது. மீண்டும் தொடங்கியபோது விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகள் எல்லாருக்கும் திறந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

இந்த உதவித்தொகையைப் பற்றிய என் மதிப்பில் பெரிய குறை இதுதான். திட்டத்தின் தரம் குறையவில்லை, இந்திய அலுவலகத்தின் நடைமுறையும் நேர்த்தியாகவே இருக்கிறது. ஆனால் முடிவின் உறுதி குறைந்துவிட்டது. டிஎஸ்-2019 படிவமும் (ஜே-1 விசாவுக்கான தகுதிச் சான்று) விசாவும் கைக்கு வரும்வரை வேலையை விடுவது, ஜேஆர்எஃப்பை நிறுத்தச் சொல்வது, வீட்டைக் காலி செய்வது எதையும் செய்யாதீர்கள். ஆய்வேட்டின் அமைப்பிலும் ஒரு மாற்றுவழி இருக்கட்டும். அமெரிக்கக் களம் இல்லாமல் போனால் அந்த இயலை இணையத்தில் உள்ள ஆட்சிக்குழுக் குறிப்புகளையும் காணொளி நேர்காணல்களையும் வைத்து எழுத முடியுமா என்று டிசி கூட்டத்தில் முன்பே பேசிவையுங்கள்.

ஜே-1 விசாவோடு வரும் இரண்டாண்டு விதியையும் புரிந்துகொள்ளவேண்டும். திரும்பி வந்து மொத்தம் இரண்டாண்டு இந்தியாவில் இருந்தபின்தான் எச்-1பி, எல் ஆகிய வேலை விசாக்களுக்கோ நிரந்தரக் குடியிருப்புக்கோ தகுதி. 2024 டிசம்பரில் அமெரிக்கா வெளியிட்ட புதிய திறன் பட்டியலில் (எந்த நாட்டவர் எந்தத் துறையில் இந்த விதிக்கு உட்படுவார்கள் என்று சொல்வது) இந்தியா இல்லை என்பதால் இந்த விதி போய்விட்டது என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அது அரசுப் பணம் வாங்காமல் ஜே-1-ல் போனவர்களுக்குத்தான் பொருந்தும். ஃபுல்பிரைட்காரர்களுக்கு அரசுப் பணத்தின் பேரில் விதி அப்படியே இருக்கிறது, விலக்கு கிடைப்பதும் மிக அரிது. ஆனால் முனைவருக்குப் பிந்தைய ஆய்வுக்கு மறுபடி ஜே-1-லோ, படிப்புக்கு எஃப்-1-லோ போவதை இந்த விதி தடுப்பதில்லை. இந்தியாவில் ஆசிரியர் பணியை நோக்கிப் போகிறவருக்கு இதனால் இழப்பு எதுவும் இல்லை.

வேறு சிறு செய்திகள்: அமெரிக்க அரசின் பணத்தில் போவதால் செவிஸ் (வெளிநாட்டு மாணவர், பரிமாற்ற வருகையாளர் பதிவேடு) கட்டணமும் விசாக் கட்டணமும் இல்லை. திட்டம் தொடங்க 30 நாள் முன்பே உள்ளே நுழையலாம், முடிந்து 30 நாள் தங்கலாம். காப்பகம் பார்க்க அந்த நாள்களை நம்பவேண்டாம், அது ஊர் திரும்பத் தரும் அவகாசம். வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரிக்காலத்தில் அமெரிக்க வருமான வரித் துறைக்கு 8843 படிவம் அனுப்பவேண்டும். கல்லூரி ஊர்களில் வாடகை ஒப்பந்தம் ஆகஸ்ட் முதல் ஜூலை வரை 12 மாதமாகவே பேசுவார்கள். ஒன்பது மாதத்துக்கு, விடுப்பில் போகும் ஆசிரியர்களின் வீடுகளையோ மாணவர்கள் உள்வாடகைக்கு விடும் அறைகளையோ தேடுங்கள்.

இது பொருந்தாதவர்களுக்கு

ஐரோப்பிய, பிரிட்டிஷ் உயர்கல்வியை ஆய்பவர்கள் காமன்வெல்த் ஸ்பிளிட்-சைட் உதவித்தொகையைப் பார்க்கலாம். சொந்த நாட்டில் பிஎச்.டி. பதிவு வைத்துக்கொண்டு பிரிட்டனில் 12 மாதம் வரை ஆய்வு செய்ய அது உதவும். இலங்கைத் தமிழ் ஆய்வாளர்களுக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது. இந்தியாவிலேயே இருந்து முடிக்கக்கூடிய ஆய்வுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு) முனைவர் உதவித்தொகை: மாதம் 20,000 ரூபாய், ஆண்டுக்கு 20,000 ரூபாய் இதரச் செலவு. ஜேஆர்எஃப் உள்ளவருக்கு இது தேவைப்படாது. இல்லாதவருக்கு நிலையான ஆதரவு.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலேயே பிஎச்.டி. செய்யும் தமிழ் மாணவர்களுக்கு நல்ல இடம் தேசியக் கல்வி அகாதமியும் ஸ்பென்சர் அறக்கட்டளையும் சேர்ந்து தரும் ஆய்வேட்டு உதவித்தொகை. 27,500 டாலர், ஆண்டுக்கு 35 பேர்போல. அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. தரவு திரட்டும் கட்டத்துக்கானது அல்ல, எழுதி முடிக்கும் கட்டத்துக்கானது; களப்பணிச் செலவை அதில் எழுதினால் நிராகரிப்புதான். பெயர் ஒற்றுமையால் பலர் குழம்பும் ஃபுல்பிரைட்-ஹேஸ் ஆய்வேட்டு நிதி வேறு. அது அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும் வெளிநாட்டுக்குப் போக ஏற்பட்டது.

வரலாறு மட்டுமே நோக்கம், மூன்று நான்கு வாரக் காப்பக வேலை போதும் என்றால் ஃபுல்பிரைட்டின் ஓராண்டுக் காத்திருப்பு தேவையே இல்லை. ராக்ஃபெல்லர் ஆவணக் காப்பகம் தன் சேகரிப்பைப் பார்க்க வரும் ஆய்வாளர்களுக்கு 5,000 டாலர் வரை உதவுகிறது; எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் அங்குள்ள காப்பகர் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். எந்தத் தொகுப்பு திறந்திருக்கிறது, எது இன்னும் மூடியிருக்கிறது, எந்த மைக்ரோஃபிலிம் சுருள்கள் ஏற்கெனவே மின்மயமாகிவிட்டன என்பதைச் சொல்வார்கள். மின்மயமான கோப்புகளைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் நாள்கணக்குப் போட்டு வரவுசெலவு எழுதுங்கள்.